மௌனசாமி பார்த்த பிழைகள்

சரிசெய்த மின்விசிறியை ஓடவிட்டு, அதன் அடியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் மெக்கானிக். அதைத் திரும்ப வாங்கிப்போக வந்தவருக்கு அவசரம். "நல்லாத்தானே ஓடுது?" என்கிறார். "ஓடுது, ஓடுது. ஆனாலும் நாளைக்கு ஒரு தடவ கொண்டாந்து காட்டிட்டுப் போங்க" என்பது இவருடைய பதில். மிக்ஸியோ, தண்ணீர் பம்போ, எதையும் முடிந்துவிட்டது என்று இவர் வாயால் சொல்லிக் கேட்டவர்கள் இல்லை. மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதில் கெட்டிக்காரர் என்று தெருவில் பெயர் உண்டு. கொடுத்த பொருளை நிம்மதியாக வைத்துக்கொள்ள விடமாட்டார் என்ற பெயரும் கூடவே உண்டு. சிலர் அதற்குப் பயந்தே புதுசு வாங்கிவிடுகிறார்கள்.

கடை என்றால், மாடிப்படிக்கு அடியில் மிஞ்சிய இடம்தான். வாசல் பக்கம் மட்டும் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப் போகக் கூரை சரிந்து தலையில் இடிக்கும். எரிந்த காயிலின் கருகல் வாடையும் வார்னிஷ் நெடியும் சட்டையோடு ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். அதைப் பற்றிக் குறைசொல்ல வீட்டில் இப்போது ஆளில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு சாப்பாட்டையும் கடையிலேயே முடித்துக்கொண்டு, படுக்க மட்டும் வீட்டுக்குப் போகிறார். அங்கே இரண்டு அறை. ஒன்றில் விளக்கே போடுவதில்லை.

எதிர்வரிசை மருந்துக்கடைக்கார அம்மாள்தான் இவரை அந்தக் குழுவுக்குள் இழுத்துவிட்டார். புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கும்படி இணையத்தில் போடுகிறவர்கள் அவர்கள். சம்பளம் கிடையாது, அலுவலகம் கிடையாது. எந்தெந்த ஊரிலோ இருந்துகொண்டு, சொந்த வேலை போக மிஞ்சிய நேரத்தில் செய்கிறார்கள். அம்மாள் அதற்குத் தலைவி மாதிரி. "நாள் பூரா கம்பி சுத்தறீங்க. கைக்குத்தானே வேலை, காது சும்மாதானே இருக்கு?" என்று சொல்லி, பிழை பார்க்கும் பொறுப்பை இவர் தலையில் கட்டினார். ஒருவர் படித்ததைக் கேட்டு, சொல் விட்டுப்போயிருக்கிறதா, இருமல் விழுந்திருக்கிறதா, வெளிச்சத்தம் புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் 'பிழை இல்லை' என்று அழுத்த வேண்டும். அது வெளியே போய்விடும். பிழை சொன்னவர் யார் என்று படித்தவருக்குத் தெரியாது. மனத்தாங்கல் வரக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குழு போனில் கூடிப் பேசும். எல்லாரும் பேசுவார்கள், இவர் மட்டும் மைக்கை அணைத்து வைத்துவிட்டு, சொல்ல வேண்டியதை ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதி அனுப்புவார். அதனால் மௌனசாமி என்று பெயர் வைத்துவிட்டார்கள். "மௌனசாமி சார், ஊரார் பிழையெல்லாம் பாக்கறீங்க, உங்க மைக்குல இருக்கற பிழையையும் ஒரு தடவ பாருங்களேன்" என்று சீண்டுவார் ஓய்வுபெற்ற இன்சூரன்ஸ் ஏஜெண்டு. இவர் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு அடங்கிவிடுவார்.

மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. அணில் என்ற புனைபெயரில் வேறு தேசத்திலிருந்து படிக்கிறாளே ஒரு பெண், அவள் இவருடைய மகள்.

அம்மா இறந்த செய்தி கேட்டுப் புறப்பட்டவள், விமானம் பிந்தி, எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து நின்றாள். சொந்தபந்தம் நிறைந்திருந்த கூடத்தில் வைத்து, "இப்ப எதுக்கு வந்த? யாரப் பாக்க?" என்று கேட்டார் இவர். துக்கத்தில் கேட்டதுதான். ஆனாலும் கேட்டது கேட்டதுதான். தோளில் மாட்டியிருந்த பையைக் கீழே வைக்காமலே அவள் திரும்பிப் போனாள். பிறகு போன் எண்ணை மாற்றிக்கொண்டாள். கொழுந்தியாளிடம் முகவரி கேட்டுப் பார்த்தார். "குடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்கா அத்தான், என்னை எதுக்கு நடுவுல இழுக்கறீங்க?" என்று பதில் வந்தது.

அப்புறம் ஒருநாள் பம்பு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது, காதுக்குள் அவள் வந்துவிட்டாள். கேள்வி வரும் இடத்தில் குரலை ஏற்றாமல் இறக்குகிற அதே படிப்பு. பள்ளிக்கூட நாளில் அதைத் திருத்தித் திருத்தி இவர் தோற்றுப்போயிருந்தார். சுற்றுக் கணக்கு தவறி, அன்று அந்த மோட்டாரை முழுக்க அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. அணிலின் பதிவுகளையெல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் குரல் பிடித்துப்போயிற்றாக்கும் என்று மருந்துக்கடை அம்மாள் நினைத்துக்கொண்டார். அதுவும் பொய்யில்லை.

பிழை பார்ப்பவர் படித்தவரோடு பேச ஒரே வழி பிழைதான். பிழை எழுதினால், அவள் அந்த இடத்தை மறுபடி படித்து அனுப்புவாள். கூடவே, 'சரிசெய்துவிட்டேன், பாருங்கள்' என்று ஒரு வரியும் எழுதுவாள். அந்த ஒரு வரிக்கு ஏங்கி, இல்லாத பிழைகளை உண்டாக்கத் தொடங்கினார். மூச்சு பலமாகக் கேட்கிறது என்பார். நாற்காலி கிறீச்சிடுகிறது என்பார். நிறுத்தம் போதவில்லை என்று எழுதி, அவள் நிறுத்திப் படித்து அனுப்பினால், நிறுத்தம் அதிகம் என்பார். கேள்வியில் குரல் இறங்குவதை மட்டும் மறந்தும் எழுதியதில்லை. எழுதினால் ஆள் யார் என்று பிடித்துவிடுவாள். செய்வது அநியாயம் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் கை நிற்கவில்லை.

போன மாதம் குழு ஒரு புது ஏற்பாட்டில் இறங்கியது. இணையத்தில் ஆளுக்கொரு சொந்தப் புத்தக அலமாரி.

"வீட்டு அலமாரி மாதிரிதாங்க" என்று விளக்கினார் கணினி வேலைகளைக் கவனிக்கும் வங்கி எழுத்தர். "கேட்டு முடிச்சது ஒரு தட்டு. பாதியில நிக்கறது ஒரு தட்டு, விட்ட இடத்துலேருந்தே ஓடும். அப்புறம், கேக்கணும்னு எடுத்து வச்சது."

"எனக்குப் பாதியில நிக்கறதுக்கே ஒரு ரூம் வேணும்" என்றார் ஏஜெண்டு.

மருந்துக்கடை அம்மாள் முக்கியமான கேள்விக்கு வந்தார். "ஒரு புத்தகம் யார் யார் அலமாரியில இருக்குன்னு, அதப் படிச்சவங்களுக்குப் பேரோட காட்டலாமா? பிழை பாக்கறவங்க அலமாரியும் சேத்துத்தான் சொல்றேன். இத்தனை நாளா சுவத்தப் பாத்தே படிச்சுக்கிட்டு இருக்கோம்."

"காட்டணும்க்கா" என்றது அணிலின் குரல். "நான் படிக்கறத யாராவது கேக்கறாங்களான்னே எனக்குத் தெரியல. கேக்கறார்னு நிச்சயமாத் தெரிஞ்சது ஒருத்தர்தான், என் பிழை பாக்கறவர். அவர் யாருன்னு நான் பாத்தே ஆகணும். போன வாரம் நாய் குரைக்குதுன்னு எழுதியிருக்காரு. எங்க பக்கம் நாயே கிடையாதுக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு, "அப்பப்ப எங்கப்பா ஞாபகம் வந்துடுது. அவருக்கும் இப்படித்தான், நான் என்ன செஞ்சாலும் போதாது" என்றாள்.

இவர் மைக் அணைந்துதான் இருக்கிறதா என்று பார்த்தார். மறுபடியும் பார்த்தார். அவள் வாயிலிருந்து அப்பா என்ற சொல்லைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. ஆனால் பயம் இரண்டையும் முந்திக்கொண்டது. போன் கூட்டத்தில் மௌனசாமி என்றுதான் காட்டும்; ஆனால் குழுவில் சேரும்போது சொந்தப் பெயரைத்தான் பதிந்திருந்தார். அலமாரியில் அந்தப் பெயரைப் பார்த்த நிமிஷமே அவள் போய்விடுவாள்.

வேகவேகமாகத் தட்டினார். 'பெயர் காட்டக் கூடாது. ஒருவர் என்ன கேட்கிறார் என்பது அவர் வீட்டுக்குள் நடக்கும் விஷயம். வெளியே தெரியும் என்றால் பலர் கேட்கவே மாட்டார்கள்.'

"மௌனசாமி சொல்றதுலயும் நியாயம் இருக்கு" என்று ஏஜெண்டு பின்னாலேயே வந்தார். "நான் காதல் கதையாக் கேக்கறது வீட்டம்மாவுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும்." வங்கி எழுத்தரும் ஆமாம் என்றார். பெயரும் வேண்டாம், எண்ணிக்கையும் வேண்டாம், அலமாரி அவரவருக்கு மட்டும் என்று முடிவாயிற்று. இவர் ஜெயித்துவிட்டார்.

"சரிக்கா" என்றாள் அவள். குரலில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது. "அப்ப நான் இந்தப் புத்தகத்தோட நிறுத்திக்கறேன். கடைசி அத்தியாயம்தான் பாக்கி. அது சரின்னு ஆச்சுன்னா, என்னை விட்டுடுங்க."

"அவசரப்படாதம்மா" என்று மருந்துக்கடை அம்மாள் என்னவோ சொல்லிப் பார்த்தார். இவர் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்து, கடைசியில் ஒன்றும் அனுப்பவில்லை.

இந்த வாரம் அந்த அத்தியாயம் வந்தது. இவர் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அது சரி என்று ஆனால்தானே போவாள்? ஆகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தானே இருக்கிறது? ஒவ்வொரு பிழையாகச் சொல்லி மாதக்கணக்கில் இழுக்கலாம். மேசையில் பாதி கட்டிய காயிலை ஒதுக்கி வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பாதி அத்தியாயம் போயிருக்கும். கதவு திறக்கும் சத்தம். தரையில் குட்டிக் கால்கள் ஓடிவரும் சத்தம். "அம்மா, இன்னும் எவ்ளோ நேரம்?" என்றது ஒரு குழந்தை. "உஷ்" என்றாள் அவள், மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி. பிறகு, ஒன்றுமே நடக்காதது போல, அடுத்த வாக்கியத்தைப் படித்துக்கொண்டு போனாள். வெட்டி எடுக்க மறந்திருக்கிறாள்.

பேரனா பேத்தியா என்று குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. அப்படி ஓர் உயிர் இருக்கிறது என்பதையே அவருக்கு யாரும் சொல்லவில்லை. பின்னால் தள்ளிக் கேட்டார். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டார். வாசலில் யாரோ மிக்ஸியோடு வந்து, "ஆச்சுங்களா?" என்றார். இவருக்குக் காதில் விழவில்லை.

இத்தனை நாளில் அவள் விட்ட ஒரே உண்மையான பிழை இதுதான். எழுதினால் அவள் இருப்பாள். ஆனால் அந்த இடத்தை மறுபடி படித்து, குழந்தையைத் துடைத்துவிட்டு அனுப்புவாள். எழுதாவிட்டால் புத்தகம் முழுமையாகி யார் யார் அலமாரிக்கோ போகும். குழந்தை அதற்குள்ளேயே இருக்கும். அவள் இருக்க மாட்டாள்.

பிழை எழுதும் கட்டத்தில் 'வெளிச்சத்தம்' என்று தட்டினார். ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். வார்னிஷ் படிந்த கட்டைவிரலைச் சட்டையில் அழுந்தத் துடைத்துக்கொண்டு, 'பிழை இல்லை' என்பதை அழுத்தினார்.