கர்ப்பப்பை எடுத்தது எதற்காக?

1. ஒரே அட்டை

தொண்ணூறுகளின் கடைசியில் கோவில்பட்டியில் நான் கிளினிக் வைத்திருந்தேன். ஒரு நாள் செண்பகம் வந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைக்கிறவள், நாற்பத்தைந்து வயது இருக்கும். கூடவே அவளுடைய மதினி பேச்சியம்மாள், அண்ணன் மனைவி.

"கர்ப்பப்பையே இல்லாதவளுக்கு எப்படி டாக்டரம்மா ரத்தம் படுது?" என்று செண்பகம் கேட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வெளியூர் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கர்ப்பப்பையையும் இரண்டு ஓவரியையும் எடுத்திருந்தார்கள். காரணம் எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற ஒன்று வெளியே ஓவரியிலும் குடலிலும் ஒட்டி வளர்ந்து, மாதாமாதம் உயிரை வாங்கும் நோய் அது. ஓவரி போனதும் உடம்பு தகித்தது, தூக்கம் கெட்டது. அதற்காக ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும், அதோடு சேர்த்துச் சாப்பிட புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பரிசோதித்தேன். உள்ளே பழைய தையல் இருந்த இடத்தில் நீலம் பாய்ந்த ஒரு கட்டி. தொட்டதுமே கசிந்தது. முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். ரொம்ப நாளாக ஒன்றுதான் என்றாள். பேச்சியம்மாள் குறுக்கே வந்தாள்.

"நாந்தான் சொன்னேன் டாக்டரம்மா. எனக்கும் கர்ப்பப்பை எடுத்தாச்சு, எனக்கு ஒத்த மாத்திரைதான் குடுத்தாவ. கர்ப்பப்பை இல்லாதவியளுக்கு இன்னொண்ணு வேண்டாம்னு எங்க டாக்டரே சொன்னாவ."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஊருக்கே தெரியும். அன்றைக்கு வரவில்லை. அவள் சொன்னது தப்பில்லையே. அவளுக்கு எடுத்தது ஃபைப்ராய்டு கட்டிக்காக, அது கர்ப்பப்பையோடு போய்விடும், அவளுக்கு ஒன்று போதும். எங்கள் ஊர்ப் பெண்கள் மருந்துக் கடைக்கு டாக்டர் சீட்டையா கொண்டுபோகிறார்கள்? காலி மாத்திரை அட்டையை நீட்டி, "இதே குடுங்க அண்ணாச்சி" என்பார்கள். இந்த வீட்டில் பேச்சியம்மாளின் அட்டையை நீட்டி இருவருக்கும் சேர்த்து வாங்கியிருக்கிறார்கள். பாசம்தான், வேறென்ன.

2. கோரை

ஈஸ்ட்ரோஜனை நிறுத்தச் சொன்னேன். கட்டியில் சின்னத் துண்டு எடுத்து மதுரைக்கு பயாப்ஸிக்கு அனுப்பினேன். ரிசல்ட் வருவதற்கு முன்பே செண்பகம் தனியாக வந்து நின்றாள்.

"புத்துநோயா டாக்டரம்மா? ஆவணில மக கல்யாணம். வெளிய தெரிஞ்சா மாப்பிள்ள வீட்டுக்காரவிய கல்யாணத்த நிறுத்திருவாவ."

தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்ல எனக்கு வராது. எண்டோமெட்ரியோசிஸ் இருந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று வருவதே இல்லை என்றேன். ஆபரேஷனில் எவ்வளவு சுரண்டினாலும் துளித் துளியாக மிச்சம் கிடக்கலாம், ஈஸ்ட்ரோஜன் தனியாகப் போனால் அது மறுபடி வளரும், அபூர்வமாகச் சிலருக்குப் புற்றாகவும் மாறும், அதை அடக்கத்தான் அந்த இரண்டாவது மாத்திரை என்று விளக்கினேன்.

தலையை ஆட்டினாள். "எங்க கரிசக்காட்டுக் கோரை மாதிரி. புடுங்கிப் போட்டாலும் கிழங்கு உள்ள கெடக்கும். மழ விழுந்தா வந்துரும்."

இதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது. அவள் போன பிறகு அடுத்த பேஷண்டைக் கூப்பிட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பயமாக இருந்தது.

ரிசல்ட் வந்தது. புற்று இல்லை. ஆனால் பழைய நோய் திரும்ப வளர்ந்திருந்தது, சில செல்கள் முறை தவறத் தொடங்கியிருந்தன. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. மதுரையில் கட்டியை முழுதாக எடுத்தார்கள். அதற்குப் பிறகும் பல வருஷம் பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்தாள்.

3. விசிறி

ஆவணியில் கல்யாணத்துக்குப் போனேன். மாத்திரை நின்றுவிட்டதால் செண்பகத்துக்கு உடம்பு பழையபடி தகித்துக்கொண்டிருந்தது. பட்டுச்சேலை வேர்வையில் நனைந்திருந்தது. பக்கத்தில் பேச்சியம்மாள் ஒரு பனையோலை விசிறியால் விடாமல் வீசிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதிதாகத் தொழிலுக்கு வரும் டாக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். கர்ப்பப்பை இல்லை என்றால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும் என்று படித்திருப்பீர்கள். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தவர்களுக்கு அதை அப்படியே வைத்து எழுதிவிடாதீர்கள். புற்று என்று சொல்லி எல்லோரையும் மிரட்டவும் வேண்டாம்.

பந்திக்கு எழுந்திருக்கும்போது தீப்பெட்டி ஆபீஸ்காரி ஒருத்தி பேச்சியம்மாளிடம் வந்தாள். தனக்கும் கர்ப்பப்பை எடுத்தாயிற்று, உடம்பு எரிகிறது, அந்த மாத்திரை அட்டையைக் கொஞ்சம் கொடு என்று கேட்டாள்.

பேச்சியம்மாள் வீசுவதை நிறுத்தவில்லை. "ஏட்டி, எடுத்தது சரி. எதுக்கு எடுத்தாவ? மொதல்ல அதக் கேட்டுட்டு வா."

அன்றிலிருந்து என் கிளினிக்கிலும் அதுதான் முதல் கேள்வி.