ஜெப நோட்டில் சீப்ரன் பெயர்

நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்தில் சீப்ரன் கையைத் தூக்கினால் கப்பல் நிற்கும், கார் நிற்கும், ஒருமுறை மழையே நின்றிருக்கிறது. கால்வாய்ப் பாலத்தை முப்பத்தொரு வருடம் ஏற்றி இறக்கிய மனிதர். கடவுளே படகில் வந்திருந்தாலும் வரிசையில்தான் நிற்க வைத்திருப்பார். அந்தக் கடவுளின் வீட்டுக்கு மட்டும் நாற்பது வருடமாக அவர் போனதில்லை. இத்தனைக்கும் அவர் வீட்டுக்கும் கோவிலுக்கும் நடுவில் இருந்தது ஒரு வேலிதான்.

ஜனவரியில் பனியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரமே பக்கத்து வீட்டு ஹில்த்யா பூங்கொத்தோடு வாசலில் நின்றாள். ஞாயிறு ஆராதனையில் பீடத்தருகே வைக்கும் பூ, முடிந்ததும் ஊரில் முடியாமல் கிடக்கும் ஒருவருக்குப் போய்ச் சேரும். சபையின் வழக்கம் அது.

"செத்தவனுக்குத்தானே பூ கொண்டாருவீங்க?"

"சாகலன்னா தண்ணி ஊத்தி வைங்க. வியாழக்கிழமை சூப் வரும்."

வந்தது. பட்டாணி சூப், கரண்டியை நட்டால் விழாது. யாரோ வாசல் பனியை வாரிப் போட்டார்கள். நாய் பொல்லேயைத் தினமும் காலையில் ஹில்த்யா நடக்கக் கூட்டிப்போனாள். ஒருத்தர்கூட வேதவசனம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் எதிர்த்துக் கேட்க நாலு கேள்விகளை சீப்ரன் தயாராக வைத்திருந்தார். அத்தனையும் வீண்.

ஒரு வியாழக்கிழமை அவர் வாயிலிருந்து வேறொன்று வந்தது. மகன் ரின்ஸே வாராவாரம் போனில் பேசுகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

"பேசுறதே இல்ல. நாலு வருஷமாச்சு," என்றார், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. "ரொட்டிக் கடையில நான் சொல்றதெல்லாம் சும்மா கதை. இது உன்னோட இருக்கட்டும்."

"என்னோடயே இருக்கும்," என்றாள் ஹில்த்யா.

மார்ச்சில் ஊன்றுகோல் பிடித்து நடக்க முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல், தேய்த்த சட்டையோடு கோவிலுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். நன்றி சொல்ல அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

அங்கே கதவருகில் ஒரு ஜெப நோட்டு கிடக்கும். மனப்பாரம் உள்ளவர்கள் எழுதி வைப்பார்கள். மூப்பர் டவ்வே அதை மைக்கில் வாசித்து ஜெபிப்பார். எழுதியிருப்பதை அப்படியே வாசிப்பவர் அவர், புள்ளிகூட விடமாட்டார்.

"நாலு வருஷமா அப்பாவோட பேசாத ரின்ஸேயோட மனச இளகப் பண்ணும் ஆண்டவரே. பாலத்துக்காரர் சீப்ரனோட தனிமைய..."

எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. ரொட்டிக் கடைக்காரியின் தலை மட்டும் நிமிர்ந்தது. சீப்ரன் எழுந்தார். கல் தரையில் ஊன்றுகோல் சத்தம் வாசல்வரை போயிற்று. 

மதியம் ஹில்த்யா வெறுங்கையோடு வந்தாள். கதவு திறக்காததால், தபால் போடும் துவாரத்தில் குனிந்து பேசினாள்.

"நான்தான் எழுதினேன். நீங்க அங்க வருவீங்கன்னு நெனக்கல."

"நான் வரலன்னா, சரியா?"

துவாரத்தின் மூடியை அவள் இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள்.

"உங்க ஆண்டவருக்கு என்ன, காது மந்தமா? மைக்குல சொன்னாத்தான் கேக்குமா?"

"அவருக்குக் கேக்கும். எங்களுக்குத்தான் வாய் நீளம்."

கதவு திறக்கவில்லை. குடித்த ஒவ்வொரு கிண்ணமும் சீப்ரனுக்கு நினைவு வந்தது. எல்லாம் வாயைப் பிடுங்கத்தானா? வாசலில் வைத்த அடுத்த வியாழன் சூப், தொடாமல் அப்படியே ஹில்த்யா வீட்டுக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்தது.

ஆனாலும் காலை ஏழு மணிக்கு ஹில்த்யா வெளிவாசலில் வந்து நின்றாள். கூப்பிடவில்லை. கால்மணி நேரம் நின்றுவிட்டுப் போனாள். மறுநாளும் அப்படியே. ஒன்பதாம் நாள் நல்ல மழை. கதவு ஒரு சாண் திறந்து, கழுத்துப் பட்டையோடு பொல்லே வெளியே வந்தது. கதவு உடனே மூடிக்கொண்டது. அன்றுமுதல் தினமும் அப்படித்தான்.

சபையின் மாத இதழுக்காக எழுதிய இந்தக் கதை, "அன்று சீப்ரன் மன்னித்தார்" என்றுதான் முடிந்திருந்தது. அச்சுக்குப் போகுமுன் எழுதியவன் அதை அவரிடம் காட்டினான். சீப்ரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிவரை படித்தார்.

"ரின்ஸே விஷயம் இருக்கட்டும், ஊருக்கே தெரிஞ்சதுதான். மன்னிச்சேன்னு எவன்டா சொன்னான்? நாய்க்கு வெளிய போகணும், விட்டேன்."

"முடிவு கொஞ்சம் நல்லா இருக்கட்டுமேன்னு..."

"அவளும் நல்லதுன்னு நெனச்சுத்தான்டா எழுதினா."