ஹார்ட் டிஸ்க்கில் எவ்வளவு இடம் வேண்டும்?

ஹார்ட் டிஸ்க் விற்கிறவனும் காணித் தரகனைப்போல இடத்தைத்தான் விற்கிறான். தரகனுக்குக் கிடைக்கும் தேநீர் மட்டும் இவனுக்குக் கிடைப்பதில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யுத்தத்தின் கடைசி வருடங்களில் கம்பளையிலிருந்து தினமும் ரயிலேறி வந்து, கண்டி டவுனில் ஒரு கம்பியூட்டர் கடையில் நின்றேன். கையடக்க டிஸ்க்குகள் அப்போதுதான் எங்கள் பக்கம் பரவலாக வர ஆரம்பித்திருந்தன.

என்ன போடப் போறீங்க?

டிஸ்க் வாங்க வருகிறவரிடம் நாம் முதலில் கேட்பது, ‘இதுல என்ன போடப் போறீங்க?’ என்றுதான். படமா, பாட்டா, கடைக் கணக்கா என்று தெரிந்தால்தானே எத்தனை ஜிபி என்று சொல்லலாம்? யாழ்ப்பாணத்திலிருந்து கெம்பஸுக்குப் படிக்க வந்த ஒரு பையனிடமும் அப்படித்தான் கேட்டேன். அவன் கையிலிருந்த பெட்டியை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, நான் கேட்காமலே அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். இதே கேள்வியை வேறு ஆட்கள் சோதனைச் சாவடியில் அவனிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ‘சைஸ் பார்க்கத்தான் கேட்டேன், தம்பி’ என்றேன். அது அவன் காதில் ஏறவில்லை.

“நான் இன்னும் ஒண்டும் போடேல்லை அண்ணை. பொலிஸில பதிஞ்ச துண்டும் இருக்கு, காட்டட்டே?”

கரண்ட் பெட்டி

கடுகண்ணாவையில் ஸ்டூடியோ வைத்திருந்த முஸ்லிம் நாநா ஒருவர், விலை குறைவென்று பெரிய டிஸ்க் ஒன்றை வாங்கிப்போனார். அந்த வகைக்குத் தனியாக ஒரு கரண்ட் பெட்டி, சுவரில் செருக நீள வயர். வழியில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை மறித்துச் சோதித்தபோது அவர் பையிலிருந்து இரண்டு கறுப்புப் பெட்டிகளும் வயரும் வெளியே வந்தால் என்ன நடக்கும்? மற்றவர்களைத் தூரத்துக்கு விரட்டிவிட்டு, நாநாவை ரோட்டில் குப்புறப் படுக்க வைத்தார்களாம். உள்ளே கலியாணப் படம்தான் இருக்கிறது என்று அவர் தாரைப் பார்த்தே கத்தினாராம்.

அடுத்த வாரம் முழங்கைக் காயத்தோடு கடைக்கு வந்தார். யூஎஸ்பி வயரிலேயே கரண்ட் எடுக்கும் சின்ன டிஸ்க்கைக் காட்டி, சட்டைப் பையில் போடலாம், தனிப் பெட்டி கிடையாது என்று விளக்கினேன். வேகம், வாரண்டி என்று நான் அடுக்கிக்கொண்டே போக, கையை உயர்த்தி நிறுத்தினார்.

“ஜிபி கூடக் கொறைய இருந்தாப் பரவால்ல தம்பி. என்னைய ரோட்டுல படுக்க வைக்காத சாமானாப் பார்த்துத் தாங்க.”

பெரிய டிஸ்க் எதற்கு?

கண்டியில் படிப்பித்த யாழ்ப்பாண டீச்சர் ஒருவர், மகனுடைய கம்பியூட்டரைத் திரீவீலரில் ஏற்றி வந்தார். இன்டர்வியூ ஒன்றுக்குக் கொழும்பு போன பிள்ளை திரும்பவில்லை. வேன் ஒன்றில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருந்தார்கள். ஏற்றியவர் யார் என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை. அவனுடைய படங்களை டிஸ்க்கில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அரசாங்கக் கந்தோராகப் போய்க் காட்டப் போவதாகச் சொன்னார். அங்கே பிளக் கேட்டால் தரமாட்டார்கள், கம்பியூட்டரில் செருகினாலே போதுமான வகை வேண்டும் என்றார்.

படங்கள் அத்தனையும் சேர்ந்து ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அவர் எடுத்து வைத்திருந்ததோ அந்த வகையில் கடையிலேயே அதிக ஜிபி உள்ள டிஸ்க். எனக்கு மனம் கேட்கவில்லை. ‘இதுக்குப் பென் டிரைவ் ஒன்னே போதுங்க, டீச்சர். ஏன் வீண் செலவு?’ என்றேன்.

“அவன் வந்தாப் பிறகு எடுக்கிற படங்களுக்கும் இடம் வேணுமெல்லே, தம்பி.”

டிக் டிக்

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு டீச்சர் அதே டிஸ்க்கோடு வந்தார். செருகியதும் டிக் டிக் என்றது. நம் தொழிலில் இதைவிடக் கெட்ட சத்தம் கிடையாது. டிஸ்க் சாகப் போகிறது என்று அர்த்தம். நல்ல காலம், படங்கள் முழுவதும் வெளியே வந்துவிட்டன. மகனுடைய படங்களைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை.

புதிதாக இரண்டு டிஸ்க் கேட்டார். ஒன்று மகனுக்கு, மற்றது புதிதாகக் கலியாணம் முடித்த மகளின் படங்களுக்கு. ஒன்றே தாராளம், மகனுடையது காலியாகத்தானே கிடக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். டீச்சர் கோபப்படவில்லை. இரண்டு பெட்டிகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“காலியில்லைத் தம்பி. அது அவன்ர இடம்.”

இப்போதும் யாராவது வந்து ‘இடம் போதவில்லை’ என்று சலித்துக்கொண்டால், விற்கிறவனுக்குரிய சிரிப்பைச் சிரித்து அடுத்த பெரியதை எடுத்து நீட்டிவிடுகிறேன், வேறென்ன செய்ய?