பாறை மனிதர்களின் முடிவு

இந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குப் பிடித்ததைப் புகழமாட்டார்கள், திட்டுவார்கள். இரண்டாயிரத்து ஐந்தில் ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு வந்த புதிதில் இது எனக்குப் பிடிபடவே இல்லை. கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு வரைபடம் போடுகிற அலுவலகம் எங்களுடையது. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் ஒரே பேச்சுதான்: சின்ன வயதில் பார்த்த பழைய விண்வெளித் தொடரில் ஆக மோசமான எபிசோட் எது? எங்கள் மேலாளர் கிரஹாம் ஒன்றைச் சொல்வார். பக்கத்து இருக்கை மொய்ரா மேசையைத் தட்டி, அதைவிடக் கேவலமானது இருக்கிறது என்பாள். அட்டைச் சுவர் ஆடியது, பூதத்தின் முதுகில் ஜிப் தெரிந்தது என்று வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நாகர்கோவிலில் தியேட்டர் வாசலில் நின்று ஒரு ரசிகன் தன் தலைவரின் மோசமான படம் எது என்று வாயைத் திறந்திருந்தால் சட்டை கிழிந்திருக்கும்.

எனக்கு வயிறு எரியும். ஒன்றை இப்படி உரிமையோடு திட்ட வேண்டுமென்றால் அது முழுசாக நம்முடையதாக இருக்க வேண்டும். எனக்கும் அந்தத் தொடர் தெரியும், பாதி மட்டும்.

நாகர்கோவில் பக்கம் எங்கள் ஊரான கொட்டாரத்தில், டிவியில் ஒரே ஒரு சேனல் இருந்த காலத்தில், ஞாயிறு காலை அது வந்தது. எங்கள் வீட்டில் டிவி இல்லை. பக்கத்து வீட்டில் செல்வனின் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார், அவர்களிடம் இருந்தது. கதை சூடுபிடிக்கும்போது சரியாக மாதா கோயிலில் பூசைக்கு இரண்டாம் மணி அடிக்கும். அம்மா வாசலில் நின்று சத்தம் போடுவாள்: "ஏலே, சாமியார் பீடத்துக்கு வந்தாச்சு, எறங்கி வாறியா இல்லியா?" செல்வன் வீட்டார் இந்துக்கள், அவனுக்குப் பூசை கிடையாது. சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்குவேன். பிரசங்கம் முழுக்க அவன்மேல் பொறாமைப்படுவதுதான் என் வேலை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகும் வழியில் மிச்சக் கதையை அவன் சொல்வான்.

ஒரு வெள்ளிக்கிழமை, பாறை மனிதர்கள் வருகிற எபிசோட்தான் ஆக மோசம் என்று மேசையில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. "அதுதான் ஆகச் சிறந்தது" என்றேன். நான் வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்து கிரஹாம் தோளில் தட்டினார். நான் விடாமல் முடிவைச் சொன்னேன். பாறைகள் யாரையும் தாக்க வரவில்லை, விண்கப்பலில் ஏறித் தங்கள் ஊருக்குப் போகத்தான் வருகின்றன. கப்பல் தலைவன் பயந்துபோய், அவற்றை விட்டுவிட்டுக் கிளப்பிவிடுவான். பாதி வழியில், அங்கே பொறுக்கி அவன் சட்டைப்பையில் போட்டிருந்த சிறு கல் மெல்லச் சூடேறும்.

"அப்படியொரு முடிவே கிடையாது" என்றாள் மொய்ரா. "தலைவன் நீளமாகப் பேசுவான், பாறைகள் திருந்திவிடும்."

"இது நன்றாக இருக்கிறதே, யார் சொன்னது?" என்று கேட்டார் கிரஹாம்.

செல்வனைப் பற்றிச் சொன்னேன். அன்றிலிருந்து வாராவாரம் ஒரே கேள்வி: செல்வன் இதை எப்படி முடித்தான்? அத்தனை நாள் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் ஒருவரும் எதையும் கேட்டதில்லை. எங்கள் மாவட்ட எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டாத செல்வனுக்கு ஒரே மதியத்தில் இடம் கிடைத்துவிட்டது.

டிவிடி வாங்கிப் பார்த்தேன். மொய்ரா சொன்னதுதான் சரி. இப்போது அப்பாவின் கடையில் உட்காரும் செல்வனைப் போனில் கூப்பிட்டேன்.

"ஏலே, அந்தத் தொடருக்க டிவிடி வாங்கிருக்கேன். அந்தப் பாறைக் கதைக்க முடிவ நீ எங்கல பாத்த?"

சிரித்தான். "நான் எங்க மக்கா பாத்தேன்? நீ எறங்குன ஒடனே அம்மை டிவிய அணைச்சிருவா. கடையில அப்பாக்குக் காப்பி கொண்டு குடுக்கணும்லா. திங்கக்கெழம நீ மொகத்தையே பாத்துட்டு நிப்ப. எதாவது சொல்லண்டாமா?"

"எல்லாமே அப்பிடித்தானா?"

"எல்லாந்தான்." பிறகு குரல் தணிந்தது. "உனக்க கையில முழுசும் இருக்குல்லா? உள்ளதுல அது எப்பிடி மக்கா முடியுது?"

அவனும் முடிவைப் பார்க்கவில்லை. அத்தனை ஞாயிறும் நான் எதன்மேல் பொறாமைப்பட்டேன்?

"நீ சொன்ன மாதிரிதாம்ல" என்றேன். அவன் கடையில் நின்றவர்களிடம் அதைக் கத்திச் சொன்னான். அந்தச் சந்தோஷத்தைக் கேட்டு எனக்கு அதற்கும் கொஞ்சம் வயிறெரிந்தது.

ஞாயிறு காலை இங்கே டிவிடியைப் போடுகிறேன். கூப்பிட ஆள் இல்லை. ஆனாலும் கதை பாதிக்கு வந்ததும் என் கால் செருப்பைத் தேடுகிறது. அத்தோடு அணைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு ஒரு முடிவை நானே யோசிக்கிறேன். செல்வன் சொன்னது என்றுதான் மேசையில் சொல்வேன். நான் யோசித்தது என்றால் அவர்கள் கேட்கமாட்டார்கள்.