கடலுக்கடியில் இழுத்த மூச்சு

என் மாப்பிள்ளை ராணுவத்தில் இருக்கிறார். அவருக்கு அந்தமானுக்கு மாற்றலானதும் மகளும் அங்கே போய்விட்டாள். போன வருடம் மில்லில் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு நானும் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். கடலுக்கு அடியில் இருக்கும் பவளப்பாறையை என்னோடு சேர்ந்து பார்க்க வேண்டும் என்று மகளுக்கு ரொம்ப ஆசை.

"எனக்கெதுக்கும்மா இதெல்லாம்?" என்றேன்.

"நீச்சல் தெரியாதவங்களே போறாங்கப்பா. நீங்க கெணத்துல குதிச்ச ஆளுதான? பேசாம வாங்க."

கரையில் இருந்த பயிற்சியாளர் தமிழ் பேசுகிறவர். எங்களைக் கூட்டிப் போகும் முன் என்னிடம், "ஆஸ்துமா, வீசிங், மூச்சு சம்பந்தமா ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

பொய் சொல்லவில்லை. நான் ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில், பஞ்சுப் பொதியைப் பிரித்து மெஷினில் போடும் இடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே எந்நேரமும் பஞ்சுத் தூசி மிதக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை உள்ளே நுழைந்தால் எல்லோருக்குமே நெஞ்சு அடைக்கும். வாரக் கடைசியில் கொஞ்சம் லேசாகும். அதை எங்களில் யாரும் நோய் என்று சொன்னதில்லை.

அன்றைக்குக் கடல் கண்மாய்த் தண்ணீர் போல அசையாமல் கிடந்தது. ரப்பர் சட்டையைப் போட்டு, முதுகில் சிலிண்டரை மாட்டி, வாயில் கவ்விக்கொள்ள ஒரு குழாயையும் கொடுத்தார்கள்.

"நீளமா இழுத்து நீளமா விடுங்க சார். மூச்சை மட்டும் அடக்கிடாதீங்க. நான் பிடிச்சுக்கிறேன்" என்றார் பயிற்சியாளர்.

கீழே போனோம். முட்டைக்கோஸ் போல ஒரு பாறை, மான்கொம்பு போல ஒன்று. சில இடங்களில் பவளம் வெளுத்துச் செத்துக் கிடந்தது. மஞ்சள் மீன்கள் எங்களைக் கண்டு விலகவே இல்லை. மகள் என் கையை அழுத்தி எதையோ காட்டினாள்.

அவ்வளவுதான் பார்த்தேன். நீளமாக மூச்சை இழுத்தால் பாதியில் நின்றுவிட்டது. தூசிக்குப் பயந்து கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தே பழகிய உடம்பு இது. எவ்வளவு முயன்றும் அதற்கு மேல் போகவில்லை. சிலிண்டரில் காற்று இருந்தது. எனக்குள்தான் இடம் இல்லை. மேலே போகலாம் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

மேலே வந்ததும் இருமல் நிற்கவில்லை. பயிற்சியாளர் என்னைப் பிடித்தபடியே, "என்ன வேலை சார் பாக்குறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இனிமே உங்களைக் கீழ கூட்டிட்டுப் போக முடியாது சார். ஊருக்குப் போனதும் டாக்டரைப் பாருங்க."

"ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல?" என்று மகள் அழுதாள். சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் என்னைக் குழாயில் ஊதச் சொன்னார். நுரையீரல் கெட்டுப்போன அளவு கெட்டுப்போனதுதான், இனித் தூசியில் நிற்கக் கூடாது, வேறு வேலைக்குப் போங்கள் என்றார். இந்த வயதில், பள்ளிக்கூடப் படிப்போடு, வேறு எந்த வேலைக்குப் போவது? சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மறுநாள் வழக்கம்போல எங்கள் ஊர் மம்சாபுரத்திலிருந்து மில் பஸ் ஏறினேன்.

கடலுக்குள் எடுத்த வீடியோவை மகள் அனுப்பியிருந்தாள். கேன்டீனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூட வேலை செய்கிறவர்கள் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"ஏலே, இங்க பாரு! அண்ணாச்சி கெளுத்தி மீன் கணக்கா இருக்காரு!" என்றான் சேத்தூர்க்காரன். அவனுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். மெஷினில் எனக்கு எதிரே நிற்பவன்.

"அதான் மீனெல்லாம் ஓடாம நிக்கி. சொந்தக்காரன் வந்துருக்கான்னு நெனச்சிட்டு" என்றார் இன்னொருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீடியோவில் மகளின் வாயிலிருந்து ஒரு கொத்துக் குமிழி நிதானமாக மேலே போகும். செத்த நேரம் ஒன்றும் வராது. பிறகு அடுத்த கொத்து. என்னிடமிருந்து உலை கொதிப்பது போலச் சின்னச் சின்னக் குமிழிகள் விடாமல் வந்துகொண்டிருந்தன. சிரிப்பு அடங்கிவிட்டது.

"இன்னொரு தடவ போடுங்க அண்ணாச்சி" என்றான் சேத்தூர்க்காரன்.

போட்டேன். உதட்டைக் கொஞ்சம் திறந்து, என் குமிழிகளோடு சேர்ந்து அவனும் மூச்சு விட்டுப் பார்த்தான்.

"எனக்கும் இப்படித்தான வரும்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மில் சங்கு ஊதியது. அவன் போனை என் கையில் கொடுத்துவிட்டு, துண்டை மூக்குக்கு மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டு, எனக்கு முன்னால் உள்ளே போனான்.