பையின் மூலையில் மஞ்சள் குருணை

எங்கள் வீட்டில் சமையல் மாமனாருடையது. உழைத்த காலமெல்லாம் லாரி ஓட்டியவர். வண்டியை ஓரங்கட்டி, ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சமைத்துப் பழகிய கை. அத்தை இறந்த பிறகு அடுப்படி முழுக்க அவர் வசமாகிவிட்டது. நான் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். என் கணவர் கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர்.

மளிகை மட்டும் என் பொறுப்பு. முன்பெல்லாம் பக்கத்துக் கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்குவேன். பாதி தீர்ந்த பாக்கெட்டுகள் ரப்பர் பேண்டு போட்டு அலமாரியின் பின்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். ரவையில் வண்டு, கடலை மாவில் கசப்பு என்று மாதா மாதம் குப்பைக்குப் போனது எனக்குப் பொறுக்கவில்லை. மாமனாரின் பழைய வேட்டிகளைக் கிழித்துப் பைகள் தைத்தேன். இரண்டு மாதத்துக்கு எவ்வளவு செல்லுமோ அவ்வளவு மட்டும், சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் மொத்தக் கடையில் மூட்டையிலிருந்து அளந்து வாங்கிவருவேன். கடைக்காரர் வெறும் பையை முதலில் தராசில் வைத்து எடை கழித்துவிட்டு, பிறகு பருப்பைக் கொட்டுவார். வீட்டுக்கு வந்ததும் டப்பாக்களை வெயிலில் வைத்தெடுத்து நிரப்புவேன். ஒரு மணி வீணாகாமல் ஒரு வருடம் ஓடியது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அன்று சனிக்கிழமை. முந்தின நாள்தான் அரை நாள் விடுப்புப் போட்டுச் செவ்வாய்ப்பேட்டை போய்வந்திருந்தேன். எல்லா டப்பாக்களும் நிரம்பியிருந்தன. பட்டறைக்குப் பக்கத்து மெஸ்ஸில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது கணவர் பண்ணையிலிருந்து போன் செய்தார்.

"ஏ புள்ள, சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால தொங்குற துணிப்பையில ஒண்ணை எடுத்து எரிச்சுருன்னு சொல்ல மறந்தே போயிட்டேன்."

"எதுக்குங்க?"

"ஈ மருந்து ஒரு பாக்கெட் அதுல கொண்டாந்தேன். பாக்கெட் ஓட்டை. கொட்டிப்போச்சு. உதறித்தான் மாட்டினேன், இருந்தாலும்…"

பண்ணையில் எருவின் மேல் தூவுகிற மருந்து அது. மஞ்சள் குருணை. இனிப்பு கலந்திருப்பதால் ஈ தேடி வந்து தின்று சாகும்.

"அந்தப் பையெல்லாம் எடுத்துட்டு நேத்து செவ்வாய்ப்பேட்டை போயிட்டு வந்துட்டனுங்க," என்றேன்.

"எந்தப் பையில என்ன வாங்குனே?" என்றார்.

எல்லாம் ஒரே வேட்டித்துணி. எனக்கு எப்படித் தெரியும்?

மாமனாருக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. அவர் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அடித்தால், அவள் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தாள். பள்ளி விடுமுறை என்பதால் என் மகள் வீட்டில்தான் இருந்தாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறவள்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் வீட்டுக்குப் போகும் ராசிபுரம் சாலையில் முன்னால் ஒரு முட்டை லாரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஹாரனை அழுத்திக்கொண்டே ஓரமாக மண்ணில் இறங்கி முந்தினேன். இந்நேரம் சாப்பிட்டிருப்பார்களா என்ற ஒரே கேள்விதான் மண்டைக்குள் ஓடியது.

மாமனார் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, சாப்பிட்டாச்சுங்களா? பாப்பா எங்கீங்க?"

"அப்பவே சாப்பிட்டாச்சு அம்மிணி. பருப்பும் ரசமும். பாப்பா தூங்குது."

தூங்குகிறாள் என்ற சொல்லைக் கேட்டதும் உள்ளே ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி பலமாக உலுக்கியதும் வீல் என்று அழுது என் கையைத் தட்டிவிட்டாள். அந்த அழுகையைப் போல நல்ல சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

கணவருக்குப் போனில் சொல்லிவிட்டு மூவரும் அதே ஸ்கூட்டியில் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கணவர் மருந்துப் பாக்கெட்டோடு எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. டாக்டரம்மா பாக்கெட்டைப் படித்துவிட்டு மாமனார், மகள் இருவர் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். வாந்தி வந்ததா, எச்சில் ஒழுகியதா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"இது உள்ள போயிருந்தா இந்நேரம் காட்டிக் குடுத்திருக்கும். இருந்தாலும் சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருங்க."

மகள் கட்டிலில் உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள். அவள் எச்சில் விழுங்கும்போதெல்லாம் நான் அவள் வாயைப் பார்த்தேன். கணவர் பேச வாயெடுத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பொழுது சாயும் நேரத்தில் அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் நேராக அடுப்படிக்குள் போனார். மறுநாள் இட்லிக்காக மதியமே உளுந்தை ஊறப்போட்டிருந்தாராம். கிரைண்டரைக் கழுவத் தொடங்கியவரை நிறுத்தினேன். கணவர் உளுந்து டப்பாவை வெள்ளைத் தாளில் கவிழ்த்தார். பருப்பு குவிந்தது. அதைப் பரப்பிவிட்டபோது இடையிடையே மஞ்சளாகக் குருணை தெரிந்தது. பையின் மூலைத் தையலில் சிக்கியிருந்தது வந்திருக்க வேண்டும்.

மாமனார் ஊறிய உளுந்துப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாத்தையும் கொட்டிரலாம்," என்றேன்.

"உளுந்துல தானே கெடந்துது? மத்ததை நல்லாக் கழுவிக் காயப்போட்டாப் போச்சு. இத்தனை சாமானையும் கொட்டுவாங்களா சாமி?" என்றார் மாமனார்.

"எல்லாப் பையும் ஒண்ணுமேல ஒண்ணு ஒரே கட்டாத்தான் மடிச்சு எடுத்துட்டுப் போனனுங்க மாமா. எதுல ஒட்டியிருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"மாட்டுக்காவது…"

"மாட்டுக்கும் வேண்டாங்கப்பா," என்றார் கணவர்.

அவரே மண்வெட்டி எடுத்துப் புறக்கடையில் ஆழமாகக் குழி தோண்டினார். துவரம்பருப்பு, பாசிப்பயறு, பொட்டுக்கடலை, மல்லி என்று ஒவ்வொரு டப்பாவாகக் கொண்டுபோய்க் கொட்டினேன். ஒரு கைப்பிடி ரவைக்காக வருத்தப்பட்டவள் நான். துவரம்பருப்பைக் கொட்டும்போது அழுகை வந்தது. பருப்புக்காகத்தான் அழுதேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை. கணவர் பைகளையும் அதிலேயே போட்டு மண்ணைத் தள்ளி மூடினார்.

சில வாரம் பாக்கெட் சாமான்தான். பிறகு மறுபடி செவ்வாய்ப்பேட்டை போக ஆரம்பித்தேன். பைகள் இப்போது அடர் சிவப்புத் துணி; பீரோவுக்குள் பூட்டி வைக்கிறேன். கடையில் ஒவ்வொரு பையையும் உள்பக்கம் வெளியே திருப்பி, மூலை மூலையாகத் தடவிப் பார்த்த பிறகே நீட்டுகிறேன். கணவர் பண்ணையிலிருந்து எதையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

மாமனார்தான் மாறிப்போனார். நான் வீட்டிலிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழம்பு இறக்கியதும் தட்டில் கொஞ்சம் சோறு போட்டுப் பிசைந்து எல்லோருக்கும் முன்னால் தான் மட்டும் சாப்பிட்டார். பிறகு சுவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார். பேத்தி பசி என்று வந்து நின்றாள்.

"செத்த நேரம் பொறு சாமி, சூடா இருக்குது," என்றார்.

குழம்பு எப்போதோ ஆறியிருந்தது. நான் மகளை வெளியே கூட்டிப்போனேன்.