ரோஜாக்காய் அரித்த வருஷம்

செய்தியைச் சொன்னவர் எங்கள் ஜீப்பு ஓட்டும் காசி அண்ணன். "டீச்சர், அம்மா போயிட்டாக. தூக்கத்துலயே போயிட்டாக. ஜீப்புல வேலைக்குப் போற ஆளுக உக்காந்திருக்காக, என்ன சொல்லட்டும்?" என்றார். என் மதினி பவுனுத்தாய் இறந்த செய்தி இப்படி ஒரு வேலைக் கேள்வியோடு சேர்ந்துதான் வந்தது. மதினியே இருந்திருந்தாலும் அதில் தப்பு கண்டிருக்க மாட்டார். அழுதுகொண்டே, எல்லோரையும் வீட்டுக்குக் கூட்டி வரச் சொன்னேன்.

மதினியைத் தெரிந்தவர்களுக்கு அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. போடியில் அவரிடம் பேசித் தோற்காத வியாபாரி கிடையாது. என் அண்ணன் மாரடைப்பில் போனபோது, போடி மெட்டுக்கு மேலே மலையில் இருந்த ஏலக்காய்த் தோட்டத்தை விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். பிள்ளை குட்டி இல்லாத பொம்பளை மலையில் ஆள் வைத்து வேலை வாங்க முடியாதாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மதினி, "ஒரு வெள்ளாமை பாப்போம். ஆளுக வந்தா தோட்டம் இருக்கட்டும், வராட்டி வித்துக்கங்க" என்றார். மலைக்குக் கீழே ராசிங்காபுரத்திலிருந்து ஜீப்பில் வந்து ஏலப்பழம் எடுக்கும் பெண்கள் நாளைக்கும் வருவார்களா என்பதில்தான் அந்த வருஷம் முழுக்க அவர் உயிர் இருந்தது.

தோட்டத்தின் மேல் ஓரத்தில், சோலைக்காட்டை ஒட்டி, காட்டு ரோஜாப் புதர் உண்டு. வெள்ளையாகப் பூக்கும். பூ உதிர்ந்தபின் பிடிக்கும் காய் மார்கழிப் பனியில் சிவந்து, சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தொங்கும். மதினி ஒன்றைப் பறித்து மேல்தோலை மட்டும் கடித்துப் பார்த்தார். நல்ல புளிப்பு, பின்னாலேயே லேசான இனிப்பு. மத்தியானச் சோற்றுக்கு வெறும் ஊறுகாயைத் தொட்டுக்கொள்ளும் பெண்களுக்கு இதில் வற்றல் போட்டுக் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றிவிட்டால் பிறகு அவரை நிறுத்த முடியாது.

ஏலக்காய்க்காரர்களுக்கு எந்தக் காயைக் கண்டாலும் ஒரே புத்திதான்: ஸ்டோர் என்கிற உலர்த்தும் கொட்டகையில் சூடு போட்டு உலர்த்து, கம்பி வலையில் போட்டுத் தேய். ஏலக்காயின் காம்பும் காய்ந்த பூநுனியும் அப்படித்தான் உதிரும். மதினி ரோஜாக்காயைக் கூடை கூடையாகப் பறிக்கச் சொல்லி, அதையும் அப்படியே செய்ய வைத்தார். உள்ளே விதையைச் சுற்றி மெல்லிய ரோமம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? காய்ந்த காய் வலையில் நொறுங்கியதும் அத்தனை ரோமமும் ஸ்டோருக்குள் பறந்தது. கழுத்து, முதுகு, மூக்கு, நாக்கு என்று எல்லோருக்கும் அரிப்பு. பள்ளி விடுமுறைக்கு மேலே போயிருந்த நானும் நின்று சொறிந்தேன். பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்கும் அழகம்மா, சேலைத் தலைப்பை உதறியபடி, "இந்தச் சோலிக்கு நாங்க வரல தாயி. நாளைக்கு வேற தோட்டம் பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பழம் முற்றி நிற்கும் நேரம் அது.

"கம்பளிப்பூச்சி விழுந்துருச்சுன்னு சொல்லிருவோம்மா" என்றார் காசி அண்ணன்.

"பூச்சி என்னய்யா பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு, மதினி உலர்த்தாமல் மிச்சமிருந்த காயோடு உட்கார்ந்தார். காம்பையும் நுனியையும் கிள்ளினார். காயை இரண்டாகக் கீறி, சின்னக் கரண்டியின் காம்பால் விதையையும் ரோமத்தையும் சுரண்டினார். தண்ணீருக்குள் வைத்துச் சுரண்டினால் ரோமம் பறப்பதில்லை என்று செய்யும்போதே தெரிந்துகொண்டார். அலசிய தண்ணீரைத் துணியில் வடித்து, அந்தத் துணியைத் தன் முழங்கையில் தேய்த்துப் பார்த்தார். அரித்தால் மறுபடியும் அலசல். கை அரிக்காமல் போன பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தார். வரமிளகாயும் பூண்டும் சேர்த்து வதக்கி, உப்பும் துளி வெல்லமும் வைத்து அரைத்த அந்தத் துவையலைப் போல நான் பிறகு எங்கேயும் சாப்பிட்டதில்லை.

மறுநாள் விடியும்போது மதினியும் நானும் ஜீப்பில் ராசிங்காபுரத்தில் போய் இறங்கினோம். பெண்கள் நின்றார்கள், யாரும் ஏறவில்லை. மதினி தூக்குச் சட்டியோடு நேரே அவர்களிடம் போனார்.

"நேத்து நடந்தது என் கிறுக்குத்தனம். பக்குவம் தெரியாமலே தெரிஞ்சவ மாதிரி சொல்லிப்புட்டேன். ராத்திரி பூரா எனக்கும் அரிப்புத்தேன்" என்று திரும்பி முதுகைக் காட்டினார். பிறகு சோற்றில் துவையலைப் பிசைந்து, எல்லோரும் பார்க்கத் தின்று, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து நாக்கை நீட்டினார். அழகம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "கொண்டாங்க, பாப்போம்" என்று கையை நீட்டினார். சட்டி காலியானது, ஜீப்பு நிறைந்தது. தோட்டத்தை விற்கும் பேச்சு மதினி இருந்தவரை எங்கள் வீட்டில் எழவில்லை.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லிரு. கேக்குறவுக பாதி நம்ம பக்கம் வந்துருவாக" என்று பின்னாளில் மதினி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். வகுப்பில் அதை நான் ஒருநாளும் செய்ததில்லை. டீச்சர் ஆயிற்றே!

இப்போது தோட்டத்தை என் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு, விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் என்னிடமும் ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் விடியலில் ராசிங்காபுரத்துக்குப் போனேன். பெண்கள் ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்தார்கள்.

"எனக்கு ஏலக்காயப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றேன். "நீங்கதான் சொல்லித்தரணும்."

முடி நரைத்துப்போன அழகம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். பிறகு ஜீப்புக்குள் ஏறி, பக்கத்தில் இருந்தவளை நகரச் சொன்னார். "வெரசா ஏறுங்க டீச்சர். பழம் கெடக்கு."

மதினியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது 'தெரியாது' என்ற அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னதும் எனக்கு ஜீப்பில் இடம் கிடைத்துவிட்டது.